பாலைவனத்தில் பறவை தேடி

பறவை பார்ப்பதற்கென்றே காசு செலவழித்து ராஜஸ்தானுக்குப் போகிறேன் என்று சொன்னபோது என் மாமியார் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "கொல்லைக் கதவைத் திறந்தால் செம்பனைக் காடு முழுக்கப் பறவைதானே, மாப்பிள்ளை! மணல் காட்டில் போய் என்னத்தைப் பார்க்கப் போறீங்க?" என்றார். கேள்வி நியாயமானதுதான். நானும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் புறப்பட்டேன்.

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் எட்டுப் பேராகப் போனோம். அகமதாபாத்தில் விமானம் விட்டு இறங்கி, வேன் ஒன்றில் ஏறிக்கொண்டோம். எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி ஜெய்சல்மேர் பக்கத்தில் ஆடு மேய்க்கும் குடும்பத்தில் பிறந்த இளைஞர். வனத்துறைக்காரர்களோடு சுற்றிச் சுற்றியே பறவைகளைப் பற்றிக் கற்றுக்கொண்டவர். என் தொழிலைக் கேட்டறிந்த நிமிடம் முதல் என்னை 'மாஸ்டர்ஜி' என்றே அழைத்தார். எட்டு நாளும் அவர் ஆசிரியர், நான் மாணவன்!

வாசகர்கள் முதலில் அந்த நிலத்தின் அமைப்பை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். டில்லிப் பக்கம் தொடங்கி குஜராத் எல்லை வரை சுமார் 670 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆரவல்லி என்ற மலைத்தொடர் கிடக்கிறது. உலகத்திலேயே மிகப் பழைய மலைகளில் ஒன்று. வயதான மனிதரைப் போல் தேய்ந்து, குறுகி, எலும்பு தெரிய நிற்கிறது. அரபிக் கடலிலிருந்து வரும் மழைக்காற்று இந்த மலையில் மோதுவதில்லை. அதற்கு இணையாகவே ஓடிவிடுகிறது. அதனால் மலைக்கு மேற்கே தார் பாலைவனம். ஜெய்சல்மேரில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் இருநூறு மில்லிமீட்டர்தான். நம் தோட்டங்கள் பலவற்றில் நவம்பர் மாதத்தில் மட்டும் அதற்கு மேல் பெய்துவிடும். மழை பெய்தால் பால்வெட்டு கெட்டதே என்று வானத்தைத் திட்டுகிற நமக்கு, மழைக்காக ஆண்டெல்லாம் காத்திருக்கும் ஊர் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதே கடினம்.

முதலில் ஏறியது ஆபு மலை. ராஜஸ்தானில் இருக்கும் ஒரே மலைவாசத்தலம் இதுதான். இதன் உச்சியான குரு சிகரம் 1,722 மீட்டர் உயரம். ஆரவல்லியிலேயே அதுதான் மிக உயரமானது. ஊர் இருப்பது ஏறத்தாழ நம் பிரேசர் மலை அளவு உயரத்தில். ஆனால் பிரேசர் மலையின் ஈரமும் பாசியும் அங்கே இல்லை. பாறை, புதர், பேரீச்ச மரம், இடையிடையே சின்னச் சின்ன வயல். விடியற்காலையில் குளிர் எலும்பைக் குடைந்தது. எல்லாரும் போர்வையைப் போர்த்திக்கொண்டு, பிரட்டுக்கு நிற்கும் ஆட்களைப் போல வரிசையாக நின்றோம்.

நாங்கள் தேடி வந்தது ஒரு சின்னக் குருவியை. நம் ஊரில் புல்விதை தின்னக் கூட்டமாக வந்து விழும் சில்லைக் குருவியின் இனம். அங்கே பச்சை முனியா என்கிறார்கள். முதுகு ஆலிவ் பச்சை, வயிறு மஞ்சள், விலாவில் கறுப்பு வெள்ளைக் கோடு, மூக்கு சிவப்பு. ஆள்காட்டி விரலைவிடச் சற்றே நீளம், அவ்வளவுதான். இந்தியாவைத் தவிர வேறெங்கும் காட்டில் இல்லாத பறவை. இந்தியாவிலும் சில இடங்களில்தான் உண்டு. வழிகாட்டி ஒரு கடுகு வயலின் ஓரத்தில் எங்களை உட்கார வைத்தார். பேசக் கூடாது, கை நீட்டிக் காட்டக் கூடாது என்பது கட்டளை. முக்கால் மணி நேரம் கழித்து வேலிப் புதரில் பதினைந்து இருபது குருவிகள் வந்து அமர்ந்தன. வெயில் பட்டதும் யாரோ பச்சை மிளகாயும் மஞ்சளும் கலந்து இறைத்தது போல் இருந்தது.

அழகுதான் அதற்குப் பகை. கூண்டில் வைத்து விற்பதற்காக ஆண்டுக்கணக்கில் வலைபோட்டுப் பிடித்திருக்கிறார்கள். இன்று சட்டம் தடுக்கிறது. ஆனாலும் ஒளித்து விற்பவர் இருக்கிறார்கள். இதைக் கேட்டபோது நம் லயத்து வாசல்களில் தொங்கும் மெர்போக் கூண்டுகள் எனக்கு நினைவுக்கு வந்தன. வளர்ப்பவர்கள் பிள்ளையைப் போலத்தான் வளர்க்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வேலிப் புதரில் கூட்டமாகப் பார்த்த பிறகு, கூண்டில் ஒன்றைத் தனியாகப் பார்க்க மனம் ஒப்பவில்லை.

ஆபு மலையில் சாம்பல் நிறக் காட்டுக்கோழியும் கூவுகிறது. நம் தோட்டத்து ஓரங்களில் மேயும் செந்நிறக் காட்டுக்கோழிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். தில்வாரா ஜைனக் கோயில்களின் பளிங்குச் சிற்பங்களையும் பார்த்தோம். அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கட்டுரை போதாது.

மலையிலிருந்து இறங்கி ஜோத்பூர் நோக்கிப் போகும் வழியில் மரங்கள் ஒவ்வொன்றாகக் குள்ளமாகிக்கொண்டே வந்தன. கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு மரம். அதை அவர்கள் கேஜ்ரி என்கிறார்கள். வேனை நிறுத்தி இலையைப் பறித்துப் பார்த்தால், அட, நம் வன்னி மரம்! விருத்தாசலம் கோயிலின் தலவிருட்சம். தமிழ்நாட்டில் கோயிலுக்குள் சுற்றி வந்து கும்பிடும் மரத்தை நம்பித்தான் இங்கே வீடுகள் உயிர் வாழ்கின்றன. இலை ஆட்டுக்கு, காய் கறிக்கு, நிழல் பயிருக்கு.

ஜோத்பூருக்கு அருகே கேஜர்லி என்ற கிராமம். 1730-ஆம் ஆண்டு மன்னர் அபய் சிங்கின் ஆட்கள் சுண்ணாம்புக் காளவாய்க்கு விறகு வெட்ட இங்கே வந்தார்கள். அமிர்தா தேவி என்ற பெண் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெட்டினார்கள். அடுத்து அவளுடைய மூன்று பெண்கள். பிறகு சுற்று வட்டாரத்து மக்கள். மொத்தம் 363 பேர் மரத்துக்காக உயிர் விட்டதாகக் கணக்கு. இவர்கள் பிஷ்னோய் என்னும் சமயத்தார். 'பீஸ்' என்றால் இருபது, 'நௌ' என்றால் ஒன்பது. ஜாம்போஜி என்ற குரு பதினைந்தாம் நூற்றாண்டில் வகுத்துக் கொடுத்த இருபத்தொன்பது நெறிகளின்படி வாழ்பவர்கள். பச்சை மரத்தை வெட்டக் கூடாது, உயிர்களிடம் இரக்கம் காட்ட வேண்டும் என்பன அவற்றில் சில. விறகு வீணாகுமே என்று பிணத்தைக்கூட எரிப்பதில்லை, புதைக்கிறார்கள். அவர்கள் வயலில் மான்கள் மாட்டைப் போல மேய்கின்றன, விரட்டுவார் இல்லை. குடா என்ற ஊர்க் குளக்கரையில் நாங்கள் நின்றபோது, ஒரு கிழவர் எங்கள் தொலைநோக்கியை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "கண்ணாலேயே பக்கத்தில் தெரியும் போது இது எதற்கு?" என்று கேட்டாராம். வழிகாட்டி மொழிபெயர்த்ததும் எங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அடுத்த நாள் விடிவதற்குள் கீச்சன் கிராமத்தில் இருந்தோம். பலோடி நகரத்தை ஒட்டிய ஊர். பலோடி என்றால் இந்தியா முழுவதும் தெரியும்; 2016-ஆம் ஆண்டு மே மாதம் 51 பாகை வெப்பம் பதிவான இடம். நாங்கள் போனது டிசம்பர் ஆதலால் பிழைத்தோம். ஒரு வீட்டு மொட்டை மாடியில் எங்களை ஏற்றிவிட்டார்கள். கீழே முள்வேலி போட்ட பெரிய களம். அதில் சோளம் இறைத்திருந்தார்கள். அந்தக் களத்துக்குப் பெயர் 'சுக்கா கர்', அதாவது தீனி வீடு.

சூரியன் கிளம்பியதும் தூரத்தில் ஒரு சத்தம். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் ஓடிவரும் இரைச்சல் போல. பிறகு வானத்தில் கோடு கோடாக அவை வந்தன. பார்வைக்கு நாரை போன்ற பறவை. உடம்பு சாம்பல், கழுத்து கறுப்பு, கண்ணுக்குப் பின்னே வெள்ளை வெளேரென்று இரண்டு குஞ்சம். அங்கே இதைக் குர்ஜா என்கிறார்கள். முதலில் ஊருக்கு வெளியே மணல் மேட்டில் இறங்கி நின்று நோட்டம் பார்த்தன. ஒன்று துணிந்து களத்தில் இறங்கியதும், பின்னாலேயே ஐம்பது, நூறு, ஐந்நூறு. அரை மணி நேரத்தில் களத்தில் தரை தெரியவில்லை. தின்றவை எழுந்து போக, காத்திருந்தவை இறங்கின. நெருக்கடி உண்டு, சண்டை இல்லை. ரேஷன் கடையில்கூட இவ்வளவு ஒழுங்கைக் கண்டதில்லை.

இவை மங்கோலியா, கஜகஸ்தான் புல்வெளிகளில் குஞ்சு பொரித்து, இமயமலையைத் தாண்டி வருபவை. இரண்டு மூன்று கிலோ எடையுள்ள பறவைக்கு இமயமலை! செப்டம்பர் வாக்கில் வந்து மார்ச்சில் திரும்பிவிடும். ஒரு குளிர்காலத்தில் கீச்சனுக்கு வருபவை ஆயிரக் கணக்கில் அல்ல, பத்தாயிரக் கணக்கில். 1970-களில் ரத்தன்லால் மாலு என்ற ஜைனர் புறாக்களுக்குத் தானியம் போட்டு வந்தார். அதைத் தின்ன ஒரு சில குர்ஜாக்களும் வந்தன. அவர் விரட்டவில்லை. மறு ஆண்டு இன்னும் சில வந்தன. இன்று ஊரே சேர்ந்து தானியம் போடுகிறது. வெளியூரில் வணிகம் செய்யும் ஜைனர்கள் பணம் அனுப்புகிறார்கள். 2025-ஆம் ஆண்டு கீச்சனின் குளங்கள் உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன.

மார்வாட் நாட்டுப் பெண்கள் குர்ஜாவைப் பார்த்துப் பாடும் பாட்டு ஒன்று உண்டு. பிழைப்புக்காகத் தூர தேசம் போன கணவனிடம் என் செய்தியைச் சொல் என்று அந்தப் பறவையிடம் கேட்பார்களாம். எங்கள் வேனில் ஓட்டுநர் அதை முணுமுணுத்தார். நம் சத்திமுற்றப் புலவரும் இப்படித்தானே வறுமையில் வாடிக்கொண்டு, நாரையிடம் மனைவிக்குச் செய்தி சொல்லி அனுப்பினார்! அங்கே மனைவி அனுப்புகிறாள், இங்கே கணவன் அனுப்புகிறான், பிரிவு ஒன்றுதான். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த நம் பாட்டன்மார்களுக்கும், ஊரில் விட்டுவந்த பாட்டிமார்களுக்கும் அப்படி ஒரு பறவை கிடைத்திருந்தால் தேவலை. அவர்களுக்குக் கிடைத்தது, கிராணியிடம் கெஞ்சி எழுதி வாங்கிய கடிதம்தான்.

மேற்கே போகப் போக நிலம் தட்டையானது. நான் வகுப்பில் ஐந்திணை நடத்தும்போது, முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் காய்ந்து போனால் பாலை என்று சொல்லிக் கொடுப்பது வழக்கம். தாரோ ஆண்டு முழுவதும் பாலைதான். ஜெய்சல்மேரைத் தாண்டியதும் சுற்றுலாக்காரர்கள் ஒட்டகச் சவாரி செய்யும் சாம் மணல்மேடு வருகிறது. படத்தில் பார்க்கும் பாலைவனம் அதுதான். ஆனால் தார் முழுவதும் மணல்மேடு அல்ல. முழங்கால் உயரத்துக்குச் சேவண் என்ற புல் முளைத்த வெட்டவெளியும் உண்டு. 1980-இல் அதில் 3,162 சதுர கிலோமீட்டரைப் பாலைவனத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அதற்குள்ளேயே கிராமங்களும் ஆடுமாடுகளும் இருக்கின்றன.

அங்கே கல்கௌதாரி என்ற பறவையைக் கண்டோம். புறா அளவு, தரையோடு தரையாக நிறம். இதன் ஆண் பறவை தண்ணீருக்குப் போனால் வயிற்று இறகுகளைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளும். அந்த இறகு பஞ்சைப் போல நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அப்படியே பல மைல் பறந்து வந்து நிற்க, குஞ்சுகள் அப்பன் வயிற்றில் வாய் வைத்துக் குடிக்கும். தண்ணீர்க் குழாய் வருவதற்கு முன்னால் காண்டா சுமந்தவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் வழிகாட்டியின் மனம் இவற்றில் இல்லை. அவர் தேடியது கானமயிலை. அவர்கள் மொழியில் கோடாவண். பெயரில் மயில் இருந்தாலும் மயில் அல்ல. ஒரு மீட்டர் உயரம் நிற்கும் தரைப்பறவை. ஆண் பறவை பதினைந்து கிலோ வரை எடை போடும். பறக்கும் பறவைகளில் மிகக் கனமானவற்றுள் ஒன்று. வெட்டுக்கிளி, வண்டு, இலந்தைப் பழம் தின்று வாழும். மரத்தில் கூடு கட்டாது. வெறும் தரையில், பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான். ஒரு காலத்தில் தமிழ்நாட்டு மேய்ச்சல் நிலங்கள் வரை இருந்த பறவை இது. பறவை அறிஞர் சாலிம் அலி இதைத்தான் இந்தியாவின் தேசியப் பறவையாக்க வேண்டும் என்றார். 1963-இல் மயில் அந்த இடத்தைப் பெற்றது. 1969-இல் 1,260 என்று மதிப்பிட்டார்கள். இன்று காட்டில் எஞ்சியிருப்பவை நூற்றைம்பதுக்கும் குறைவு. ஒரு தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளைப் போல, ஒரே சபையில் உட்கார வைத்துவிடலாம்.

ஏன் இப்படி ஆனது என்று கேட்டேன். வேட்டை ஒரு காரணம், முட்டையைத் தின்னும் தெருநாய்கள் ஒரு காரணம். அவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்றை அவர் கையை வீசிக் காட்டினார். தொடுவானம் நெடுகக் காற்றாலைகள், சூரிய மின்தகடுகள், அவற்றிலிருந்து புறப்படும் உயர்அழுத்தக் கம்பிகள். கானமயிலுக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் பக்கத்தில் வருவது நன்றாகத் தெரியும்; நேர் முன்னே பார்வை மிகக் குறைவு. கம்பியைக் கடைசி நொடியில்தான் காணும். பதினைந்து கிலோ உடம்பைச் சட்டென்று திருப்ப முடியாது. புகையில்லாத மின்சாரம் என்று உலகமே புகழும் மின்சாரம்தான் அது. யாரைக் குறை சொல்வது?

2021-ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம் கம்பிகளை நிலத்துக்கடியில் கொண்டுபோகச் சொல்லி ஆணையிட்டது. எல்லா இடத்திலும் அது இயலாது என்ற வாதம் வர, 2024-இல் அந்த ஆணையைத் திருத்தி நிபுணர் குழு ஒன்றை அமைத்தது. இதற்கிடையே 2019 முதல் காட்டில் முட்டைகளை எடுத்து, சாம் என்ற இடத்து நிலையத்தில் பொரிக்க வைத்து வளர்க்கிறார்கள். 2025-க்குள் அப்படி வளரும் பறவைகள் அறுபதைத் தாண்டிவிட்டன. வளர்ப்பது நல்லதுதான். வளர்ந்த பிறகு விடுவதற்கு வெளி வேண்டுமே!

இந்த இடத்தில் எனக்கு ஒன்று தோன்றியது. குர்ஜா பிழைத்தது, தானியம் போட ஆள் இருந்ததால். நம் செம்பனைத் தோட்டத்தில் ஆந்தைக்குப் பெட்டி வைத்துக் கொடுக்கிறோம், எலியைப் பிடிக்கிறதே என்பதால். கானமயில் யாரிடமும் தானியம் கேட்பதில்லை; யாருக்கும் எலி பிடித்துக் கொடுப்பதுமில்லை. அது கேட்பது வெறும் வெட்டவெளி. அந்த வெட்டவெளிக்கு அரசாங்கப் புத்தகத்தில் 'தரிசு' என்று பெயர். தரிசு என்று எழுதிவிட்டால், யார் வேண்டுமானாலும் வந்து எதை வேண்டுமானாலும் நடலாம் என்று பொருள். ஆடு மேய்க்கும் வழிகாட்டியின் தகப்பனாருக்கும் அதே கதைதான். மேய்ச்சல் நிலம் கைமாறியபோது அவரையும் யாரும் கேட்கவில்லையாம்.

முதல் நாள் கானமயில் கண்ணில் படவில்லை. மறுநாள் மாலை, ஐந்து மணி இருக்கும். வழிகாட்டி திடீரென்று வேனின் கூரையில் தட்டினார். ஸ்டாண்டில் பொருத்திய பெரிய தொலைநோக்கியில் ஒவ்வொருவராகக் கண் வைத்துப் பார்த்தோம். அரை மைல் தூரத்தில், புல்லுக்கு மேலே ஒரு வெள்ளைக் கழுத்து. தலையில் கறுப்புத் தொப்பி. பெண் பறவை. கழுத்தை நீட்டி, தலையைச் சற்றே உயர்த்தி, ஒவ்வோர் அடியாக எண்ணி எண்ணி வைத்து நடந்தது. பத்து நிமிடம் அப்படியே நடந்தது. யாரும் வாய் திறக்கவில்லை.

எங்கோ ஒரு நாய் குரைத்தது. பறவை நின்றது, நான்கு எட்டு ஓடியது, சிறகை விரித்தது. அவ்வளவு பெரிய உடம்பு தரையை விட்டு எழுந்ததைப் பார்த்ததும் எங்களில் ஒருவர் தம்மை மறந்து கைதட்டப் போனார். வழிகாட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் நாங்களும் கவனித்தோம். பறவை தாழப் பறந்து நேரே மேற்கே போகிறது. மேற்கே கம்பித் தொடர் நிற்கிறது. சூரியன் கண்ணைக் கூசியது. சிறகு அடிக்கும் ஒவ்வோர் அசைவையும் எண்ணினோம். வழிகாட்டி அவர் மொழியில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். கும்பிடுகிறார் என்று தெரிந்தது. கம்பிக்கு இருநூறு மீட்டர் இருக்கும்போது பறவை இடப்பக்கம் சாய்ந்து, புல்லில் இறங்கி, மறைந்துவிட்டது.

திரும்பும் வழியில் அந்தக் கம்பித் தொடரின் கீழேயே வேன் போனது. பறவைக்குத் தெரிவதற்காகக் கம்பிகளில் சுழலும் சிறு தகடுகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றில் அவை மினுக்கின. சில இடங்களில் தகடு அறுந்து விழுந்து, கொக்கி மட்டும் இருந்தது. வழிகாட்டி ஒவ்வொரு முறையும் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கினார். பையிலிருந்து பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து, கம்பத்தின் எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டார். வனத்துறை அலுவலகத்தில் கொடுப்பதற்காம். இருட்டிய பிறகு எண் தெரியவில்லை. என் கைவிளக்கை நான் பிடித்துக்கொண்டேன், அவர் எழுதினார். பதினோரு கம்பங்கள்.